ஒகேனக்கல் போனால் அருவியைக் கடைசியில் பாருங்கள்

தர்மபுரியில் வீடு இருந்தால் விருந்தாளிக்குப் பஞ்சம் வராது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் போன் வரும். "உங்களையெல்லாம் பாத்து எவ்ளோ நாளாச்சு" என்று ஆரம்பிக்கும் பேச்சு, அடுத்த மூச்சில் ஒகேனக்கல்லில் வந்து நிற்கும். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. வரட்டும். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு கண்டிஷன் உண்டு. விடியற்காலை ஐந்தரைக்கு வண்டி கிளம்பிவிடும். எண்ணெய்த் தேய்ப்பு, குளியல், மீன் வறுவல், பரிசல் எல்லாம் பத்து மணிக்கு மேல். அதுவரைக்கும் மரம் பார்க்கிறோம்.

"மரம் பாக்கறதுக்கா நாப்பத்தாறு கிலோமீட்டர்?" என்று சென்னைச் சித்தப்பா ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் முதல் ஆளாகக் கிளம்பி வாசலில் நிற்பவரும் அவர்தான்.

பலரும் ஒகேனக்கல்லுக்குப் போய் "குரங்கைத் தவிர ஒண்ணையும் காணோம்" என்று திரும்பி வருகிறார்கள். அந்தக் காட்டில் விலங்குக்குக் குறைவே இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பக்கம் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது. காவிரி தெற்குச் சரணாலயம் 2022 நவம்பரில் வந்தது. ஆற்றைத் தாண்டினால் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். யானை, சிறுத்தை, நீர்நாய், முதலை, நரை அணில் எல்லாம் உண்டு. ஆனால் விலங்கைத் தேடிக்கொண்டு நடந்தால் அது நம்மை முதலில் பார்த்துவிடும். பழுத்திருக்கிற மரத்தைக் கண்டுபிடித்து அதன் கீழே உட்கார்ந்தால், அது தானாக நம்மிடம் வரும். பல வருஷமாக விருந்தாளிகளைக் கூட்டிப் போய் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கு உபரி.

பென்னாகரம் தாண்டி மலைச்சாலை இறங்க ஆரம்பித்ததும் கார் கண்ணாடியை இறக்கச் சொல்வேன். மாசி, பங்குனியில் இந்தக் காடு காய்ந்து எலும்பு மாதிரி நிற்கும். "என்ன அத்தை, எல்லாம் செத்துப்போச்சா?" என்று பிள்ளைகள் கேட்கும். சாகவில்லை. தண்ணீரை மிச்சப்படுத்த இலையை உதிர்த்துவிட்டு நிற்கிறது. மரம் பழகுவதற்கு இதுதான் நல்ல காலம் என்பேன் நான். இலை மறைக்காததால் பட்டையும் கிளையும் காயும் தெளிவாகத் தெரியும், பறவையும் தெரியும். பாறைச் சரிவில் வெளுப்பாக, வழவழவென்று நிற்பது தணக்கு. அதன் காயில் நீளமாக இரண்டு இறக்கை இருக்கும். மேலிருந்து விழும்போது சுற்றிக்கொண்டே இறங்கும். சாலையோரம் கிடப்பதில் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டால், பிள்ளைகளின் செல்போன் அரை மணி நேரத்துக்குப் பைக்குள்ளேயே கிடக்கும்.

இன்னொன்று ஆச்சா மரம். ஒவ்வொரு இலையும் இரண்டாகப் பிரிந்து, பட்டாம்பூச்சி சிறகை விரித்துவைத்த மாதிரி இருக்கும். இந்தியாவின் மிகக் கனமான, கடினமான மரங்களில் இது ஒன்று. நாகஸ்வரம் கடைவது இந்த மரத்தில்தான். புவிசார் குறியீடு வாங்கிய நரசிங்கம்பேட்டை நாகஸ்வரமும் ஆச்சாவில் செய்வதுதான். சித்தப்பாவுக்குக் கச்சேரிப் பைத்தியம். இதைச் சொன்ன அன்று வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

இந்தச் சாலையில் வண்டியை விட்டு இறங்குவதானால் திருப்பம் இல்லாத, இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து இறங்குங்கள். கோடையில் யானைகள் ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்க இந்தச் சாலையைக் கடக்கும். சாணம் ஈரமாக, ஆவி பறக்கக் கிடந்தால் அங்கே படம் எடுத்துக்கொண்டு நிற்கக் கூடாது, ஏறி உட்கார்ந்து கிளம்பிவிட வேண்டும். சாயங்காலம் இருட்டிய பிறகு டூவீலரில் இந்தப் பக்கம் வருகிறேன் என்று மச்சான் மகன் ஒருமுறை அடம்பிடித்தான். நான் சாவியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். சாலையை விட்டுக் காட்டுக்குள் நடக்கவும் கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். அதற்கு அவசியமும் இல்லை. நான் சொல்லப்போகிற அத்தனையும் ஆற்றங்கரையில், எல்லோரும் போகிற இடத்திலேயே இருக்கிறது.

கரைக்கு இறங்கினால் நீர்மருது. ஒகேனக்கல்லின் ராஜா அருவி இல்லை, இந்த மரம்தான் என்று நான் சண்டை போடுவேன். அடிமரம் சாம்பலும் இளஞ்சிவப்புமாக, தொட்டால் வழவழப்பாக இருக்கும். பழைய பட்டை தகடு தகடாகக் கழன்று விழுந்த இடத்தில் புதுப்பட்டை வெளிறித் தெரியும். வேர்கள் கரையை இறுக்கிப் பிடித்திருக்கும். வெள்ளம் அரித்த இடங்களில் அந்த வேர்ப் பின்னலை வெளியிலேயே பார்க்கலாம். இலையைத் திருப்பிக் காம்புக்குப் பக்கத்தில் பாருங்கள், கடுகு அளவில் இரண்டு சுரப்பிகள் இருக்கும். மரம் அடையாளம் தெரியாமல் குழம்பினால் இதைத்தான் முதலில் தேடுவேன். கீழே கிடக்கும் காயைக் கையில் எடுத்தால் ஐந்து இறக்கை, மரக்கட்டை மாதிரிக் கெட்டி. சித்த வைத்தியத்தில் இதய நோய்க்குச் சொல்லும் மருதம்பட்டை இந்த மரத்துடையதுதான். அதற்காக நகத்தால் பட்டையை உரிக்காதீர்கள். உரிக்கும் ஆட்களை நான் நேரிலேயே திட்டியிருக்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள்.

நீர்மருதுகள் வரிசையாக நின்று, ஒன்றின் கிளை இன்னொன்றின் கிளையோடு கோத்துக்கொண்டிருக்கும் இடத்தைத் தேடுங்கள். அங்கேதான் நரை அணில். முதுகில் மூன்று கோடு போட்ட நம் வீட்டு அணிலை நினைத்துக்கொண்டு தேடினால் கண்ணில் படாது. இது பூனைக்குட்டிக்குச் சற்றுப் பெரியது. சாம்பல் ரோமத்தின் நுனியில் நரை தட்டியிருக்கும், வால் உடம்பு நீளத்துக்குக் குறையாது. உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் இதற்காகவே பேர்போன இடம். நம் காவிரிக்கரையில் இருப்பது தர்மபுரிக்காரர்களிலேயே பல பேருக்குத் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க நான் அணிலைத் தேடுவதில்லை, கூட்டைத் தேடுவேன். கிளைக்கவட்டில் இலையும் சுள்ளியும் சேர்த்து உருண்டையாக அடைத்துக் கட்டியிருக்கும். காக்காக் கூட்டில் குச்சிக்கு இடையே வானம் தெரியும். இதில் தெரியாது. ஒரே அணில் பல கூடு வைத்திருக்கும் என்பதால், ஒரு கூட்டையே பார்த்துக்கொண்டிருக்காமல் சுற்றியுள்ள மரங்களையும் கவனியுங்கள். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சடசடவென்று ஏதோ இயந்திரம் ஓடுகிற மாதிரி ஒரு கத்தல் வரும்.

போன பங்குனியில் நாத்தனார் மகன் என்னோடு உட்கார்ந்திருந்தான். ஒன்பது வயசு. ஐந்து நிமிஷத்துக்கு மேல் எதிலும் நிற்காத பிள்ளை. "அத்தை, மேல இருந்து ஏதோ விழுது" என்றான். கடித்துப் போட்ட புளியங்காய் ஓடு. நிமிர்ந்தால், நீர்மருதை ஒட்டி நின்ற புளிய மரத்தில் பின்னங்காலால் கிளையைக் கவ்விக்கொண்டு தலைகீழாகத் தொங்கியபடி, இரண்டு கையாலும் காயைப் பிடித்து உரித்துக்கொண்டிருந்தது. வால் பின்னால் சமநிலைக்காகத் தொங்கியது. ஓட்டைத் துப்புகிறது, சதையைக் கொறிக்கிறது, கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. அவன் வாயைத் திறக்கவேயில்லை. அது புளியிலிருந்து நீர்மருதுக்கு, அங்கிருந்து புங்கைக்கு என்று தரையைத் தொடாமலே போய் மறைந்தது.

மரத்துக்கு மரம் கிளை கோத்திருப்பது அதற்கு உயிர்ப் பிரச்சினை. கிளை விட்டுப்போன இடத்தில் தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும், தரையில் நாய் இருக்கும். சமையல் செய்கிற கூட்டம் விட்டுப்போகும் எலும்புக்குத்தான் அந்த நாய்கள் வருகின்றன. சாப்பிட்ட மிச்சத்தைக் குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது அத்தி. அடிமரத்திலும் தடித்த கிளையிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை" என்று பழமொழி சொல்லிவிட்டு ஒதுங்குகிறோம். அந்தச் சொத்தைதான் அத்தியின் பிழைப்பு. அதன் பூக்கள் காய்க்குள்ளேயே இருக்கின்றன. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி நுனித்துளை வழியாக உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே சாகும். அதன் குஞ்சுகள் வளர்ந்து வேறு மரத்துக்கு மகரந்தம் கொண்டுபோகும். குளவிக்கு எப்போதும் எங்கேயாவது தயாரான காய் வேண்டும், அதனால் ஒரே இனத்து அத்தி மரங்கள் எல்லாம் ஒன்றாகக் காய்ப்பதில்லை. உங்களுக்கு இதில் லாபம் என்னவென்றால், எந்த மாதம் போனாலும் கரையில் ஏதாவது ஓர் அத்தியோ ஆலோ அரசோ பழுத்திருக்க வாய்ப்பு உண்டு.

எந்த மரம் என்று எப்படித் தெரியும்? மீன் வறுக்கும் அக்காக்களைக் கேளுங்கள். "எந்த மரத்துலக்கா பழம் கொட்டுது?" என்றால் கரண்டியாலேயே திசை காட்டிவிடுவார்கள். அவர்களுக்குத் தலைவலி, கடைக் கூரையெல்லாம் பழமும் எச்சமுமாக இருக்கும். நமக்கு அதுதான் விலாசம். அங்கே போய் சூரியனை முதுகுக்கு வைத்து, மரத்திலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளி உட்காருங்கள். நேர் கீழே உட்கார்ந்தால் கழுத்தும் வலிக்கும், தலையிலும் விழும். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் இருக்காது. பிறகு குக்குறுவான் வரும், குயில் வரும், மைனாக் கூட்டம் வந்து சண்டை போடும். பச்சைப்புறா வந்தால் அதிர்ஷ்டம். இலையோடு இலையாக இருந்து, பறக்கும்போதுதான் அத்தனை இருந்ததா என்று தெரியும். கரையோரம் பழம் தண்ணீரில் "ப்ளக்" என்று விழுகிற இடத்தில் மீன்கள் வாயைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும். ஒன்றே ஒன்று சொல்கிறேன், சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். மண் நிறம், இலைப்பச்சை போட்டுக்கொள்ளுங்கள். பைனாகுலர் இருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும்.

குரங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலையில் குல்லாய் வைத்த மாதிரி மயிர் வகிடு பிரிந்த நம் நாட்டுக்குரங்குதான். காட்டில் அதைப் போல மரம் அறிந்த ஆள் கிடையாது. ஆனால் ஒகேனக்கல்லில் அது கேரி பேக் சத்தத்தை அறிந்து வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் பை சரசரத்தாலே இறங்கி வரும். எங்கள் டிபன் துணிப்பையில், எவர்சில்வர் டப்பாவில் போகும், வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். நேருக்கு நேர் முறைக்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதன் மொழியில் அது சண்டைக்கு இழுப்பு. பறித்துவிட்டால் பிடுங்கப் போகாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி, ரேபிஸ் ஊசி. இதில் யோசனையே கூடாது.

வெயில் ஏறியதும் முதலைப் பண்ணை. வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையம் என்று பெயர். 1975-இல் இந்தியாவில் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது காவிரியிலும் மற்ற ஆறுகளிலும் இவை தோலுக்காக வேட்டையாடப்பட்டு அரிதாகியிருந்தன. அங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி, "உசுரோட இருக்கா?" சிலர் கல்லெறிந்து விடை தேடுவார்கள். அப்படி ஒருத்தர் எறிந்ததைப் பார்த்து, கூட வந்த என் சின்ன நாத்தனார், "ஏங்க, நீங்க தூங்கும்போது நாங்க வந்து எறியட்டுமா?" என்று சத்தமாகக் கேட்டாள். அவர் நகர்ந்துவிட்டார்.

வாயைப் பிளந்தபடி சிலைபோலக் கிடப்பது உடம்புச் சூட்டை வெளியேற்ற. அதற்கு நம்மைப்போல வியர்க்காது. அசையாமல் இருப்பது சோம்பலால் அல்ல, வெயிலிலும் தண்ணீரிலும் மாறி மாறி இருந்தே உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்தும் பிராணி அது. சக்தியை வீணாக்காததால் பல நாள் பட்டினி தாங்கும். பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விஷயம் வேறு. முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மண்ணின் சூடு முடிவு செய்கிறது. நம் நன்னீர் முதலையில் 32.5 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் ஆண், 31-க்குக் கீழே இருந்தால் பெண். இதைக் கேட்டுவிட்டு ஒரு பெண் குழந்தை, "அப்போ வெயில் ஜாஸ்தியாயிட்டே போனா?" என்று கேட்டது. விஞ்ஞானிகளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் கண்ணு, என்றேன்.

பண்ணையை முதலில் பார்ப்பதில் ஒரு காரியமும் இருக்கிறது. மூக்கு நுனி, கண் மேடு, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, இதைப் பக்கத்தில் பார்த்து மனசில் பதித்துக்கொண்டால், ஆற்றில் மிதப்பது கட்டையா வேறொன்றா என்று தெரியும். குளிப்பதானால் கம்பி போட்ட இடத்தில் மட்டும் குளியுங்கள். மேலே ஆளில்லாத மடுவைப் பார்த்து "இங்க அமைதியா இருக்கே" என்று இறங்குகிறவர்களுக்கு முதலையோ சுழலோ இரண்டில் ஒன்று காத்திருக்கும்.

பரிசலில் ஏறினால் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு, செல்ஃபியைக் குறைத்து, பரிசல் ஓட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். நீர்நாயைப் பற்றிக் கேட்டால் முகம் மாறும். "அதுங்க கூட்டமா வந்து மீனை வளைக்கும்க்கா, எங்களுக்கு மிச்சம் வைக்காது" என்று குறையாகத்தான் சொல்வார், ஆனால் எந்தப் பாறை என்று சரியாகக் காட்டுவார். பாறை மேல் மீன் செதிலும் முள்ளும் கலந்த எச்சம் குவிந்திருந்தால் அது அவற்றின் இடம். நாங்கள் பார்த்ததெல்லாம் ஏழு மணிக்கு முன்னால்தான். கூட்டம் வந்த பிறகு எச்சம் மட்டும் இருக்கும்.

எல்லா மரத்துக்கும் பெயர் தெரிந்துகொண்டு எப்படிப் போவது என்று கேட்பீர்கள். நான் பழகியது பெங்களூரு லால்பாக்கில். ஹைதர் அலி 1760-இல் ஆரம்பித்த தோட்டம், இன்று 240 ஏக்கர். எல்லோரும் 1889-இல் கட்டிய கண்ணாடி மாளிகைக்கு ஓடுவார்கள். எனக்கு மரத்தில் மாட்டிய பெயர்ப்பலகைதான் கோவில். பலகையை ஒரு படம், பட்டையை ஒரு படம், இலையின் முன்பக்கம் பின்பக்கம், கீழே விழுந்த காய், இந்த வரிசையில் எடுத்துக்கொள்வேன். வெறும் மரத்தைத் தூரத்தில் நின்று எடுத்த படம் வீட்டுக்கு வந்தபின் ஒன்றுக்கும் ஆகாது. சிவன் கோவில்களில் நாம் கும்பிடும் நாகலிங்க மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதை அந்தப் பழக்கத்தில்தான் தெரிந்துகொண்டேன். அதன் பூவில் தேன் கிடையாது. தேனீக்குத் தின்னக் கொடுக்க ஒருவகை மகரந்தம், விதை பிடிக்க இன்னொரு வகை என்று தனித்தனியாக வைத்திருக்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்கள் காலை பஸ் ஏறினால் போய்விட்டு மாலைக்குள் திரும்பலாம். வார நாளில் போங்கள்.

ஒகேனக்கல்லுக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி செய்தி பார்த்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழையில் குடகில் கொட்டினால், கர்நாடகத் தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலு அளவீட்டில் நீர்வரத்து ஏறும், இங்கே பரிசலும் குளியலும் நின்றுவிடும். அந்த மாதிரி நாளில் நான் கிருஷ்ணகிரி பக்கத்து கே.ஆர்.பி. அணைக்குக் கூட்டிப்போவேன். தென்பெண்ணையில் காமராஜர் ஆட்சியில் கட்டிய அணை, மொத்த உயரம் 52 அடி. அணைப் பூங்காவில் விளையாட்டு, வெளியே மீன் வறுவல், அது எல்லோருக்கும் தெரியும். அணைக்குக் கீழே பாசன வயல் பக்கம் நத்தைகுத்தி நாரை நிற்கும். அலகின் நடுவில் பாக்குவெட்டி போல இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் வரும். எனவே கூட்டத்தில் எது இளசு என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடும்.

மழையே விடாவிட்டால் கொல்லைக் கறிவேப்பிலை போதும். இலைமேல் பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருப்பதைத் துடைத்து எறியாதீர்கள், கரும்பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கலாம். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் விடும். சித்தப்பா அதை மோந்துவிட்டுக் காபியையே தள்ளி வைத்தார்.

புளியங்காய் அணிலைப் பார்த்த அந்தப் பையன் போன வாரம் சென்னையிலிருந்து பேசினான். அவர்கள் தெருமுனை அரசமரம் பழுத்துவிட்டதாம், ராத்திரி வௌவால் வருகிறதாம், மொட்டை மாடியில் உட்கார்ந்து பார்க்கிறானாம். நாத்தனார் போனைப் பிடுங்கி, "அண்ணி, உங்களாலதான். கார் மேலெல்லாம் கறை, போகவே மாட்டேங்குது" என்றாள். பழம் முடிய ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் காரை எதிர்ப்பக்கம் நிறுத்தச் சொன்னேன்.